ரசத்தில் விழுந்த பால்ரஸ்

தட்டாங்குளத்தில் யாரைக் கேட்டாலும் அது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது என்றுதான் அடித்துச் சொல்வார்கள். ஏனென்றால் பத்து மணி பஸ் வந்து நின்றதும் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னவே, மழையே இல்ல, ஊருக்குள்ள ஈசல் பறக்கு" என்று கேட்டார். இறங்க வேண்டியவர்கள் இறங்காமலும் ஏற வேண்டியவர்கள் ஏறாமலும் அண்ணாந்து பார்த்தார்கள். கிழக்குத் தெருவுக்கு மேலே வெயிலில் மினுமினுத்துக்கொண்டு போனது ஈசல் இல்லை, கொம்பையா பட்டறையில் அப்போதுதான் பிரித்துப்போட்ட கார்புரேட்டரின் சின்னச் சாமான்கள். அது எப்படிப் பறக்கும் என்று நடுவில் நீங்கள் கேட்கக் கூடாது. ஊரே கேட்கவில்லை, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது? நான் சொல்லிக்கொண்டே போகிறேன், நீங்கள் கூடவே வாருங்கள்.

கொம்பையா மெக்கானிக். எந்த வண்டி மூச்சுத் திணறினாலும், இருமினாலும், பெட்ரோலை மடக்கு மடக்காகக் குடித்தாலும், அவர் பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு வியாதியைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் வீட்டுக்குள் இருந்த வியாதிக்கு மட்டும் ஒன்பது வருஷமாக மருந்து தெரியவில்லை. அவர் பெண்டாட்டி பெயர் பேச்சியம்மாள். பேச்செல்லாம் பெயரோடு சரி, புருஷனிடம் ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் சாடைதான். சோறு போட்டுவிட்டு மதில்மேல் இருக்கும் காக்காயைப் பார்த்து, "யாருக்கோ எடுத்து வச்சிருக்கு, ஆறிப்போச்சுன்னா என்னைக் கேக்கப்பிடாது" என்பாள். கொம்பையா சாப்பிட்டு முடித்து அடுப்படிப் பூனையிடம், "இன்னைக்கு உப்பு சரியா இருந்துதுன்னு ஆருக்காவது தெரிஞ்சா நல்லது" என்பார். அந்தக் காக்காய்க்கும் பூனைக்கும் அந்த வீட்டுச் சமாச்சாரம் தெரிந்த அளவுக்கு ஊரில் வேறு ஒருத்தருக்கும் தெரியாது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பால்ரஸ். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டு, அவ்வளவுதான்.

பேச்சியம்மாளின் அப்பா சாகும்போது ஒரு பழைய காரை விட்டுவிட்டுப் போனார். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எந்தக் காரையும் பிளசர் என்றுதான் சொல்வார்கள். இவரோ வேறு காரே உலகத்தில் இல்லாத மாதிரி சொல்வார். பேச்சியம்மாள் கல்யாணமாகித் தட்டாங்குளத்துக்கு வந்து இறங்கியது அந்தப் பிளசரில்தான். அப்பா போனதும் அவள் தம்பி சங்கிலி அதை அத்தானிடம் கொண்டுவந்து விட்டு, "நல்லாப் பாத்து வைங்க, அடுத்த ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிடுதேன்" என்றான். கொம்பையா எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து ஊட்டும் கார்புரேட்டரைப் பிரித்தார். சின்னச் சாமான்களைக் கலந்துவிடாமல் வைக்க இடம் தேடியபோது அடுப்படியில் அஞ்சறைப்பெட்டி கண்ணில் பட்டது. குழி குழியாக, மூடி போட்டு, யாரோ கார்புரேட்டருக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது அவருக்கு. கடுகையும் சீரகத்தையும் பேப்பரில் கொட்டினார், ஜெட்டையும் ஸ்பிரிங்கையும் குழிகளில் போட்டார், வேலை முடிந்ததும் பெட்டியைப் பெட்ரோலிலேயே சுத்தமாகக் கழுவி, கடுகையும் சீரகத்தையும் பழையபடி கொட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டார். பெட்ரோலில் கழுவினால் சுத்தம் என்று நினைப்பது மெக்கானிக் புத்தி. ஒரு பால்ரஸ் மட்டும் கடுகுக்குழியில் தங்கிவிட்டது. அவர் அதை இரண்டு நாளாகப் பட்டறைத் தரையில் நாலுகாலில் தவழ்ந்து தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கிலி வந்தான். பேச்சியம்மாள் தம்பிக்காக விழுந்து விழுந்து சமைத்தாள். ரசம் தாளித்தாள். தாளிக்கிற அவசரத்தில் எது கருப்பு எது வெள்ளை என்று யார் பார்க்கிறார்கள்? சங்கிலி ரசஞ்சோற்றை அள்ளி வாயில் வைத்துக் கடித்தான், டணக் என்று ஒரு சத்தம், முன்பல் பாதி உடைந்து ரத்தத்தோடு கையில் வந்து விழுந்தது. கூடவே ஒன்று பளபளத்தது. "இது என்ன ரசம்யா?" என்று அவன் அலறினான். கொம்பையா அந்தக் கையைப் பார்த்தார். பல்லை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு நாளாகத் தேடிய சாமான் கிடைத்த சந்தோஷத்தில் முகமெல்லாம் மலர்ந்து, "பால்ரஸ்" என்றார்.

பல் போனதைக்கூட சங்கிலி மன்னித்திருப்பான். தன் வாயில் ரத்தம் ஒழுகும்போது அத்தான் சிரித்துக்கொண்டே பால்ரசம் என்று நக்கல் அடித்ததாக அவன் நினைத்ததுதான் வினை. காரையும் எடுக்காமல், இலையையும் மடிக்காமல் எழுந்து போய்விட்டான். பேச்சியம்மாள் தம்பி போன வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அன்றைக்கு மூடிய வாயைப் புருஷன் பக்கம் திறக்கவில்லை. கொம்பையா அந்தக் குண்டைக் கழுவி, கார்புரேட்டருக்குள் போட்டு மூடி, காரைப் புங்கமரத்தடியில் தள்ளிவிட்டு, அதற்கப்புறம் அதைத் தொட மனசு வராமல் விட்டுவிட்டார். ஒன்பது வருஷமாகக் கோழிகள்தான் பின்சீட்டில் ஏறி முட்டையிட்டன.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சங்கிலிக்குக் கல்யாணம், நாற்பத்திரண்டு வயசில். ஓட்டைப்பல் மாப்பிள்ளை வேண்டாம் என்று பன்னிரண்டு வீடுகள் சொன்னபிறகு பதின்மூன்றாவது வீட்டில் ஒரு புண்ணியவதி சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லியிருந்தாள். "வெள்ளிக்கெழம ஒம்பதுல இருந்து பத்தரை முகூர்த்தம். நாத்தனார் முடிச்சு நீதான்க்கா போடணும், எனக்கு வேற யாரு இருக்கா. ஆனா அப்பா பிளசர்ல வா. அதை ஓடவைக்கத் துப்பில்லாத வீட்டுல இருந்து பஸ் பிடிச்சு வரவேண்டாம், சித்தப்பா மக போட்டுக்கிடுவா" என்றான் சங்கிலி. தாலியில் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மூன்றாவது முடிச்சு அவன் கூடப்பிறந்தவள் போடுவது. அதை வேறொருத்தி போட்டுவிட்டால் அப்புறம் அக்கா என்ன, தம்பி என்ன. பேச்சியம்மாள் போனை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். காக்காயைப் பார்த்துச் சொன்னாள். "வெள்ளிக்கெழம காலைல பிளசர் மேலப்பண்ணை போகணுமாம். போகலன்னா எனக்குத் தம்பி இல்ல. இந்த ஊர்ல யாரோ மெக்கானிக் இருக்காகன்னு சொல்லுதாவ."

கொம்பையா சாப்பிட்ட கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் புங்கமரத்தடிக்கு ஓடினார்.

மறுநாள் காலையில் கார்புரேட்டரைக் கழற்றிப் பட்டறை மேஜையில் வைத்து, மூடியின் கடைசித் திருகாணியைக் கழற்றி விட்டார். விட்டதுதான் தாமதம், ஒன்பது வருஷம் மூடிக்கிடந்த ஸ்பிரிங் டிங் என்றது, ஜெட்டும் மிதவையும் ஊசியும் வாஷரும் குட்டிக்குட்டித் திருகாணிகளும் பால்ரஸும் எழுந்து மேஜைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றன, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பதுபோலக் கொஞ்சநேரம் நின்றன, பிறகு வாசல் வழியாக வரிசையாக வெளியே போயின. கொம்பையா பின்னாலேயே ஓடினார். அவர் ஆச்சரியப்படவில்லை, அவருக்குக் கோபம்தான் வந்தது, ஸ்பிரிங் தெறித்து ஓடாத கார்புரேட்டரை அவர் எங்கே பார்த்திருக்கிறார், இது கொஞ்சம் அதிகமாகத் தெறித்துவிட்டது, அவ்வளவுதான். தெருமுனைவரை ஓடி, மூச்சுவாங்க நின்று, வெறுங்கையோடு திரும்பினார். மேஜையில் வெறும் கூடு கிடந்தது.

இனிமேல்தான் வேடிக்கை.

மெயின் ஜெட் போய் ஏறிக்கொண்டது கிழக்குத் தெருக் குழாயில். மூன்று வருஷமாகச் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு சண்டை மூளும் அந்தக் குழாயில், திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தண்ணீர் விரல் கனத்துக்கு நூல் பிடித்தாற்போல் விழ ஆரம்பித்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஜெட்டின் வேலையே அதுதானே, எவ்வளவு விடணுமோ அவ்வளவு விடும். குடத்தில் லேசாகப் பெட்ரோல் வாசனை அடித்ததைப் பற்றி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்வீட்டு சந்தனமாரி ஓடிப்போய்க் குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள், மத்தியானத்துக்குள் ஒருத்தர் பூமாலை போட்டார்.

மிதவை விழுந்தது தவசி வீட்டில். தவசி குடித்தால் மட்டு மரியாதை தெரியாத ஆள். அன்றைக்கு மாலை அவன் பாட்டிலைச் சரித்தபோது கிளாசில் பாதிக்கு வந்ததும் நின்றுவிட்டது. குலுக்கினான், தலைகீழாகக் கவிழ்த்தான், அடியில் தட்டினான், ஒரு சொட்டு இறங்கவில்லை. கிளாசை வைத்துவிட்டு அவன் யோசனையோடு சாப்பிடப் போனான். அவன் பெண்டாட்டி ராசகனி பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் நிம்மதியாகக் கதை பேசினாள். மட்டம் பார்க்கிற சாமான் அவர்கள் வீட்டு உத்தரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஐடில் திருகாணியோ முப்பிடாதி வீட்டுத் தொட்டில் கொக்கியில் தானாகத் திருகிக்கொண்டது. வண்டி நிற்கும்போது எஞ்சின் அணையாமலும் உறுமாமலும் சீராக ஓடப் பார்த்துக்கொள்வது அந்தத் திருகாணி. பிறந்ததிலிருந்து தெருவையே அழுதழுது எழுப்பிக்கொண்டிருந்த முப்பிடாதியின் பிள்ளை அன்றைக்கு மத்தியானம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைக் காலை ஆட்டிக்கொண்டு, உர்ர்ரென்று மெல்லச் சத்தம் போட்டபடி சிரித்தது. முப்பிடாதி தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தூக்கம் கெட்டவளுக்குத்தான் அந்தச் சத்தத்தின் அருமை தெரியும்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. 'எங்க வீட்டு வாஷர்', 'உங்க வீட்டு ஊசி' என்று பேச்சு சாதாரணமாகிவிட்டது. சாமான் கிடைக்காதவர்கள் கிடைத்தவர்கள் வீட்டுக்குப் போய், "எங்க மாமியாருக்கு ஒரு அரைமணி நேரம் அந்தத் திருகாணியக் குடு தாயி, பெறகு கொண்டாந்து தாரேன்" என்று இரவல் கேட்டார்கள். மேலத்தெருவில் விழவில்லை, கிழக்குத் தெருவிலேயே விழுந்துவிட்டது என்று மேலத்தெருவார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் ஒரு பழைய மோட்டாரைத் தலையில் சுமந்து வந்து, இதையும் பிரித்துவிடுங்கள், எங்கள் ஊருக்கும் பறக்கட்டும் என்று கேட்டார்கள். கொம்பையா அவர்களை விரட்டிவிட்டார்.

சரி, பால்ரஸ் எங்கே போனது?

திங்கட்கிழமை மத்தியானம் கொம்பையா சோர்ந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது அடுப்படியிலிருந்து, "என்னங்க" என்று ஒரு சத்தம் வந்தது. காக்காய் மதிலில் இல்லை. பூனை வெளியே போயிருந்தது. கொம்பையா திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தான். ஒம்பது வருஷமா ஒருத்தி காக்காய்கிட்டப் பேசிக்கிட்டுக் கெடக்காளே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, தம்பி வீட்டுக்குப் போயி அது நக்கல் இல்லப்பா, அந்தச் சாமானுக்குப் பேரே அதுதான்னு சொல்லிட்டு வரக்கூடாதா? உங்களுக்கு என்ன, வாயில மண்ணா?" என்று தொடங்கிய பேச்சியம்மாள் நிறுத்தவே இல்லை. கழுவின அஞ்சறைப்பெட்டியைச் சொன்னாள், அதில் இன்றைக்கும் அடிக்கும் பெட்ரோல் நாற்றத்தைச் சொன்னாள், அவர் காய்ச்சலில் கிடந்தபோது கஷாயத்தை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று குடித்தாரா என்று பார்த்ததைச் சொன்னாள். கொம்பையா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டார். திட்டு விழ விழ அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இன்னும் நாலு திட்டு திட்டமாட்டாளா என்று இருந்தது. ரசத்துக்குத் தாளிக்க அவள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தபோதுதான் எட்டிப் பார்த்தார், கடுகுக்குழியின் நடுவில் அது மினுங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கார்புரேட்டரில் அந்தக் குண்டு இருப்பது ஒரு சின்னக் குழாய்க்குள். ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோலை மேலே போகவிடும், ஆனால் போனதைத் திரும்பக் கீழே இறங்கவிடாது. தொண்டைவரைக்கும் வந்து வந்து ஒன்பது வருஷமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்த பேச்சு இப்போது இறங்க வழியில்லாமல் மேலே வருகிறது. கொம்பையா கையைக் கழுவினார். குண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கடுகுக்குழியில் கரண்டி படாமல் தானே ரசத்துக்குத் தாளித்துக் கொடுத்தார்.

செவ்வாய் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். புதன்கிழமை காலையில்தான் கணக்குப் பார்த்தார், வெள்ளிக்கு ஒரே ஒரு நாள்தான் இடையில். கார்புரேட்டரின் வெறும் கூட்டை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். தவசியும் ராசகனியும் முப்பிடாதியும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"சாமானெல்லாம் வேணும்மா. வெள்ளிக்கெழம பிளசர் ஓடணும். அவ தம்பி கல்யாணம்" என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை. சந்தனமாரி குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு, குழாயடியில் இருந்த குங்குமத் தட்டைக் காட்டி, "அண்ணாச்சி, நியாயமாக் கேக்கேன். ரெண்டு நாளா உங்க வீட்டுல பேச்சியக்கா பேசுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கு. அது எதுனாலன்னு எங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுச் சாமான உங்க கையால எடுத்து இந்தத் தட்டுல வைங்க. எங்க சாமான நாங்க வைக்கோம்" என்றாள்.

"ஆமா, அதுதான் சரி" என்றான் தவசி. பெண்டாட்டி முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

இவ்வளவு நேரமும் மற்றவர்களிடம் கேட்பதைப் பற்றி மட்டும்தான் கொம்பையா யோசித்திருந்தார், தன்னுடையதும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பதை மனசு வேண்டுமென்றே மறந்திருந்தது. வீட்டுக்கு நடந்தார். குண்டை வைத்துக்கொண்டால் பெண்டாட்டி பேசுவாள், ஆனால் தம்பி போய்விடுவான், அப்புறம் அவள் வாழ்நாள் முழுக்கப் பேசப்போவது அதைத்தான். குண்டைக் கொடுத்தால் தம்பி கிடைப்பான், இந்த வீட்டில் மறுபடியும் காக்காயும் பூனையும். வாசலுக்கு வரும்போதே அவள் உள்ளேயிருந்து, "எங்க போயிட்டு வாரீய, காப்பி ஆறுது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுப்படியில் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து காட்டினார். "நீ பேசுதது இதுனாலதான் பேச்சி. இது எடுபட்டா நின்னுபோயிரும். ரெண்டு நாளா உங்கிட்டச் சொல்லாம மறைச்சிட்டேன். எனக்கு மனசு வரல."

பேச்சியம்மாள் குனிந்து அந்தக் குண்டைப் பார்த்தாள். "ஒம்பது வருஷமா உள்ள கெடந்தது யாரு பேச்சு? என் பேச்சா, இந்தக் குண்டுப் பேச்சா?"

"உன் பேச்சுதான்."

"பெறகென்ன. எடுத்துக்கிட்டுப் போங்க." பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆனா ஒண்ணு. இது போனபெறகு நான் வாயத் தொறக்கலன்னா கோவத்துல தொறக்கலன்னு நெனைச்சிராதீய. கோவமெல்லாம் இந்த ரெண்டு நாளுல தீந்துபோச்சு. பேச வராது, அவ்வளவுதான். இருங்க, இப்பமே எடுக்காதீய, சாயங்காலமா எடுங்க. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

பாக்கி இருந்த அத்தனையையும் அன்றைக்கு அவள் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவர் சட்டையிலிருந்து வந்த கிரீஸ் வாசனை தனக்குப் பிடித்திருந்ததைச் சொன்னாள், சினிமாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கிடந்ததைச் சொன்னாள், புதன்கிழமை வெயில் இறங்குகிறவரை சொன்னாள். அவரும் சொன்னார். கடைசியில் அவள்தான் கடுகோடு கடுகாக அதை விரலால் ஒற்றி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

கொம்பையா நேரே தெருக்குழாய்க்குப் போய்ச் சந்தனமாரி நீட்டிய தட்டில் குண்டை வைத்தார். டிங் என்றது. சந்தனமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மாலையைக் கழற்றி, குழாயைத் திருகி ஜெட்டை எடுத்துத் தட்டில் போட்டாள். அப்புறம் பாருங்கள், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஓடினார்கள், ஓட்டமும் நடையுமாக வந்தார்கள், ஊசி வந்தது, ஸ்பிரிங் வந்தது, வாஷர்கள் குங்குமத்தோடு வந்தன, உத்தரத்தில் ஏணி போட்டுத் தவசியே மிதவையைப் பெயர்த்துக்கொண்டு வந்தான், முப்பிடாதி வீறிட்டு அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திருகாணியைக் கொண்டுவந்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள், கல்யாணம் முடிந்து வந்ததும் கார்புரேட்டரைத் திரும்பப் பிரித்துவிட வேண்டும், இந்தத் தடவை மேலத்தெருப் பக்கமாக வாசலைத் திறந்து வைத்து. கொம்பையா சரி என்றார்.

வியாழக்கிழமை முழுக்கப் பட்டறை வாசலில் ஊர் நின்றது. கொம்பையா வெள்ளை வேட்டியை விரித்து, கழற்றின வரிசைப்படி சாமானை அடுக்கி, ஒவ்வொன்றையும் கழுவி, ஜெட்டை வாயில் வைத்து ஊதி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எங்க ஜெட்டு எப்பிடி இருக்கு அண்ணாச்சி?" என்றாள் சந்தனமாரி. "சுத்தமா இருக்கு" என்றார். பரீட்சையில் மகன் பாஸான மாதிரி அவள் எல்லாரையும் பார்த்தாள். ஒவ்வொரு சாமான் உள்ளே போகும்போதும் அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் வந்து நின்று வழியனுப்பினார்கள். கடைசியாக பால்ரஸ். அதைக் குழாய்க்குள் விடும்போது கொம்பையாவின் கை கொஞ்சம் தாமதித்தது, பிறகு விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கோழிகளை இறக்கிவிட்டு, சீட்டைத் துடைத்து, பேச்சியம்மாள் பட்டுச்சேலையோடு பின்சீட்டில் ஏறினாள். பக்கத்தில் சந்தனமாரி, ராசகனி, பிள்ளையோடு முப்பிடாதி. முன்னால் தவசியும் இன்னொருத்தரும். எங்கள் சாமான் போகிறது, நாங்கள் போகாமல் எப்படி என்று மிச்சப்பேர் இரண்டு வேனிலும் எட்டு மோட்டார்சைக்கிளிலும் பின்னால் நின்றார்கள். கொம்பையா சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி திருப்பினார். புகை விட்டது. சோக்கை இழுத்துவிட்டு மூன்றாம் தடவை திருப்பினார், பிளசர் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஊர் போட்ட கூச்சலில் புங்கமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டன.

மேலப்பண்ணை நாற்பது கிலோமீட்டர். போகிற வழியெல்லாம் ஆளாளுக்குத் தங்கள் சாமானைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். "மிதவை நல்லா நிக்குது, மட்டம் தாண்டல" என்றாள் ராசகனி. ரயில்வே கேட்டில் வண்டி இருபத்தைந்து நிமிஷம் நின்றபோது எஞ்சின் அணையவில்லை, முப்பிடாதி மடியிலிருந்த பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுகையை நிறுத்தியது. கேட் திறந்ததும் மேடு. கொம்பையா மிதித்தார். பெட்ரோல் மேலே ஏறியது, வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ஏறியது. கண்ணாடியில் பார்த்தார். பேச்சியம்மாளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, சத்தம் வரவில்லை. மணி பத்தேகால்.

கல்யாண மண்டப வாசலில் போய் நிற்கும்போது பத்து இருபத்திரண்டு. பேச்சியம்மாளை இறக்கிப் பெண்கள் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினார்கள், ஊரும் பின்னால் ஓடியது. கொம்பையா இறங்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ, திரும்பிப் போக வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், அந்த வாசலில் கால் வைக்க அவருக்கு முகம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரையே கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் என்றார் ஐயர். மேளம் கொட்டியது. ஒரு முடிச்சு ஆகியிருக்கும். இரண்டு ஆகியிருக்கும். "நாத்தனார் வாங்கம்மா" என்றது ஸ்பீக்கர்.

மேளம் நின்றது.

"அக்கா, போடுக்கா. நேரம் ஆகுது" என்று சங்கிலியின் குரல் கேட்டது. பதில் இல்லை. "என்னக்கா, கயித்தக் கையில பிடிச்சிக்கிட்டு யாரைத் தேடுத?" அதற்கும் பதில் இல்லை. உள்ளே ஜனங்கள் கசமுசவென்று பேசும் சத்தம் மட்டும் கேட்டது. மணி பத்து இருபத்தெட்டு. பேச வராமல் அவள் நிற்கிறாள் என்பது சங்கிலிக்கு எப்படித் தெரியும்?

அப்போது ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, வண்டி இருமுவதுபோல மூன்றாவது தடவை.

"கொம்பையா" என்றது ஸ்பீக்கர். "ஏ கொம்பையா, உள்ள வாங்க."

கட்டின புருஷன் பெயரை வாயால் சொன்ன பெண் அந்தச் சீமையிலேயே கிடையாது. ரேஷன் கார்டு ஆபீசில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார்கள். கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் பேச்சியம்மாள் சொன்னதில்லை, சண்டை போடாத காலத்திலும் சொன்னதில்லை. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு நின்றுவிட்டார்கள், ரோட்டில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார். குண்டு காருக்குள் இருந்தது, மூடிப் பூட்டின கார்புரேட்டருக்குள், கொம்பையாவின் முழங்காலுக்கு இரண்டடி முன்னால், அது அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

கொம்பையா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். இறங்கி ஓடினார். செருப்பை எங்கே விட்டார் என்று தெரியவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது, தட்டாங்குளத்துக்காரர்கள் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள், சங்கிலி மணையில் உட்கார்ந்தபடியே, "வாங்கத்தான்" என்றான். பேச்சியம்மாள் குனிந்து மூன்றாவது முடிச்சை இழுத்துப் போட்டாள். நிமிர்ந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். மைக் பக்கத்திலேயே இருந்தது அவளுக்கு நினைப்பில்லை.

"கையெல்லாம் கிரீஸு, தொடச்சிட்டு வரக்கூடாதா?" என்றாள்.